தை மாதக் கல்யாணம், ஐப்பசியில் முடி நடவு: சரிப்படுமா?

கேள்வி: எனக்கு 24 வயது. உசிலம்பட்டியிலிருந்து தினமும் பைக்கில் மதுரைக்கு வேலைக்குப் போகிறேன். இரண்டு வருடமாக நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, உச்சியும் தெரிய ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் முழு வழுக்கை. தை மாதம் கல்யாணம். ஐப்பசியில் 4,000 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் முடிக்கொத்து) ஒரே நாளில் வைத்துவிடலாம் என்று ஒரு கிளினிக்கில் சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். குலதெய்வத்துக்கு மொட்டை போடும் நேர்த்திக்கடனும் பாக்கி இருக்கிறது. என்ன செய்யலாம், டாக்டர்?

– வாசகர், உசிலம்பட்டி

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். முதலில் மாதக் கணக்கைப் பார்ப்போம். நட்ட முடியில் பெரும்பகுதி முதல் சில வாரங்களிலேயே உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் புது முடி எட்டிப் பார்க்கவே மூன்று நான்கு மாதம் ஆகும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம், உச்சிக்கு அதற்கு மேலும் ஆகலாம். சிலருக்குச் சுற்றியிருக்கிற பழைய முடியும் தற்காலிகமாகக் கொட்டும். ஐப்பசியில் நட்டால் தையில், மணமேடையில், இப்போது இருப்பதைவிட மோசமாகத் தெரியவே வாய்ப்பு அதிகம். பெண் வீட்டார் இந்தத் தலையைப் பார்த்துத்தானே சம்மதித்தார்கள்!

தேதியைவிட என்னை உறுத்துவது அந்த 4,000. வழுக்கைக்குக் காரணமான டி.எச்.டி. ஹார்மோன் பிடரி முடியை அவ்வளவாகத் தாக்காது. பிடுங்கி முன்னால் நட்டாலும் அந்தக் குணம் கூடவே வரும். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் எழுதிய இந்த உண்மைதான் இந்தச் சிகிச்சைக்கே அடித்தளம். உங்கள் ஊரில் நாற்றங்கால் தெரியாதவர் இருக்க மாட்டார். நாற்றைப் பிடுங்கினால் நாற்றங்கால் காலி. அடுத்த போகத்துக்கு மறுபடி விதைக்கலாம். தலையில் அந்த விதைநெல் கிடையாது. பலருக்கும் ஆயுள் முழுவதற்கும் சேர்த்தே பிடரியிலிருந்து ஐந்தாறாயிரம் கிராஃப்ட்தான் எடுக்க முடியும். 24 வயதில் அதில் பெரும்பங்கைச் செலவழித்து நெற்றியைக் கீழே இறக்கிவிட்டால், 35 வயதில் நட்ட முடி முன்னால் தீவு மாதிரி நிற்கும், பின்னால் சொட்டை விழுந்திருக்கும். அதை மூடக் கையில் சரக்கு இருக்காது. அப்படி வந்து உட்கார்ந்தவர்களிடம் பதில் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்திருக்கிறது. இன்னொன்று, எண்ணிக்கை சொன்னால் கிராஃப்ட்டா முடியா என்று கேளுங்கள். ஒரு கிராஃப்ட்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும். 4,000 முடி என்பது ஏறக்குறைய 2,000 கிராஃப்ட்தான்.

அப்பா, மாமா கதையைக் கேட்டால் உங்களுக்குப் பரம்பரை வழுக்கைதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். டெங்கு, டைபாய்டு வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவது, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, புழுவெட்டு என எல்லாவற்றுக்கும் வைத்தியம் வேறு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் தோல் பிரிவிலேயே காட்டலாம்.

பரம்பரை வழுக்கை என்று உறுதியானால் முதல் வேலை மிச்சமிருக்கும் முடியைக் காப்பாற்றுவது. மினாக்ஸிடில் என்ற மருந்தைத் தலையில் தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்கள் முடி கூடுதலாகக் கொட்டலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள், நான்கு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கிப் போடாதீர்கள். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். புது மாப்பிள்ளை என்பதால் இதையும் சொல்கிறேன்: குழந்தைக்கு முயலும்போது மருத்துவரிடம் தெரிவியுங்கள், கர்ப்பிணி உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. நடவு செய்துகொண்டாலும் இந்த மருந்துகளுக்கு விடுமுறை இல்லை. நடாத இடத்து முடி தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு வருடம் மருந்து போட்டு, உதிர்வு ஓரளவு நின்ற பிறகு நடவைப் பற்றிப் பேசலாம். அப்போது யார் கத்தி வைக்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியோ தோல் மருத்துவமோ முறையாகப் படித்தவராக இருக்க வேண்டும். பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்லிவிட்டது. மரத்துப்போக ஊசி போட்டு மணிக்கணக்கில் நடக்கும் வேலை இது. அந்த மருந்து அளவு மீறினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பே தடுமாறும். ஆக்ஸிஜனும் அவசர சிகிச்சை வசதியும் இல்லாத மாடி அறையில் படுக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள் எதையும் மறைக்காதீர்கள். சிகரெட் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே விட்டுவிடுங்கள். ரத்த ஓட்டம் குறைந்தால் நட்டது பிடிக்காது. நட்டபின் இரண்டு வாரமாவது ஹெல்மெட் வைக்க முடியாது, அதனால் அதுவரை பைக்கும் வேண்டாம். உசிலம்பட்டி பஸ்தான்.

மொட்டை விஷயத்துக்கு வருகிறேன். நட்ட முடிக்கும் மொட்டை போடலாம், வேர் இருப்பதால் திரும்ப வளரும். ஆனால் ஒரு வருடமாவது பொறுப்பது நல்லது. தோலைப் பட்டையாக வெட்டி எடுத்திருந்தால் பிடரியில் கோடும், ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்திருந்தால் வெள்ளைப் புள்ளிகளும் மொட்டையில் தெரியும். அதனால் கல்யாணம் முடிந்ததும் கோயிலுக்குப் போய்க் கடனை முதலில் தீர்த்துவிடுங்கள். பிறகு நடவு செய்வதானால் அதற்கும் பெரும்பாலும் தலையைச் சிரைக்கத்தான் போகிறார்கள்.