அடைத்த அறைக்கு நல்ல காற்று: எதை வாங்குவது?

கேள்வி: மின்சாரம் வீணாகக் கூடாது என்று சன்னல் இடுக்குகளை எல்லாம் ரப்பர் பட்டை ஒட்டி அடைத்துவிட்டோம். இரவு முழுவதும் ஸ்பிளிட் ஏசி ஓடுகிறது. காலையில் எழுந்தால் அறை முடைநாற்றமாகவும் தலை பாரமாகவும் இருக்கிறது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா, வெப்ப மீட்பு வென்டிலேட்டர் (அறைக்குளிர்ச்சி அதிகம் வீணாகாமல் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் கருவி) பொருத்தலாமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், சுத்திகரிப்பான் உங்கள் குறையைத் தீர்க்காது. ஸ்பிளிட் ஏசி பொதுவாக அறைக்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறதே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. வெளியே ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும் கரியமில வாயு, இருவர் உறங்கும் அடைத்த அறையில் விடிவதற்குள் 2000 பிபிஎம்மைக்கூடத் தாண்டலாம். சுத்திகரிப்பானில் உள்ள ஹெப்பா என்னும் நுண்துகள் வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கரியமில வாயுவும் ஈரப்பதமும் அதன் வழியே தடையின்றிக் கடந்துவிடும். தூசும் புகையும் தொல்லை தரும் வீட்டுக்குத்தான் அது ஏற்றது.

எதையும் பொருத்துவதற்கு முன் ஒரு கரியமில வாயு மானி வாங்குங்கள். அதில் அகச்சிவப்பு உணரி இருக்கிறதா என்று கேட்பது அவசியம், ஏனெனில் மலிவான சில மானிகள் வேறு ஆவிகளை அளந்து, அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. பக்கத்தில் வாசனைத் திரவியத்தைத் தெளித்ததும் எண் எகிறினால் அது அந்த வகை. பிறகு அறைக்கதவையோ சன்னலையோ விரற்கடை அளவு திறந்துவைத்துப் படுத்துப் பாருங்கள். எண் 1000-ஐ ஒட்டியே நின்றால், பெரிய செலவு எதுவும் தேவையில்லை.

அப்படியும் இறங்காவிட்டாலோ, வெளியே வெக்கையும் தூசும் சன்னலைத் திறக்க விடாவிட்டாலோ, வெப்ப மீட்புக் கருவி பொருளுள்ள செலவு. வெளியேறும் குளிர்ந்த காற்றும் உள்ளே வரும் சூடான காற்றும் ஒன்றோடொன்று கலக்காமல் கருவிக்குள் இருக்கும் வெப்பம் பரிமாறும் பகுதியின் வழியே கடக்கும்போது, வெப்ப வேறுபாட்டின் பெரும்பகுதி, பல கருவிகளில் 60 முதல் 80 விழுக்காடு வரை, மீட்கப்படுகிறது. புழுக்கமான ஊரென்றால் ஈரத்தையும் பரிமாறும் ஈஆர்வி வகையே வேண்டும்; வெப்பத்தை மட்டும் பரிமாறும் எச்ஆர்வி வெளியீரத்தை அப்படியே உள்ளே விட்டுவிடும்.

விளம்பரத்தில் உள்ள திறன் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில் அளந்தது. உங்களுக்குத் தேவையான காற்றோட்டத்தில் திறன் எவ்வளவு, எத்தனை வாட் இழுக்கும், இரைச்சல் எவ்வளவு என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். வடிகட்டியைக் கழற்ற வழியில்லாமல் பொய்க்கூரைக்குள் மாட்டிவிட்டுப் போகும் பொருத்துநர்கள் உண்டு. திறப்புக்கதவு வைத்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: ஓசோன் வெளியிட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் கருவி மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: வேண்டாம். ஓசோன் நுரையீரலை உறுத்தும் வாயு. உடலுக்குத் தீங்கில்லாத அளவில் அது காற்றைச் சொல்லத்தக்க அளவு சுத்தப்படுத்துவதும் இல்லை.