ஐயனின் பெல்ட்டுக்குள் ஒளித்துவைத்த கருவி

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். அப்பாவுக்கு 76 வயது. நாங்கள் ஐயன் என்றுதான் கூப்பிடுவோம். அக்கா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஐயனுக்கு மறதிநோய் தொடங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு இன்னும் தெளிவுதான். விடிந்ததும் கொறங்காட்டுக்கு, அதாவது எங்கள் மேய்ச்சல் நிலத்துக்குப் போய்க் கிளுவை வேலியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வராமல் அவருக்குச் சோறு இறங்காது.

சித்திரையில் ஒருநாள் போனவர் திரும்பவில்லை. இரவு எட்டு மணிக்கு வெள்ளகோவில் பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தோம். கண்ணபுரம் சந்தையில் காளை விற்ற பணம் வரவேண்டும், வாங்கப் போகிறேன் என்றார். அந்தக் காளையை விற்று முப்பது வருடம் இருக்கும்.

அதன்பிறகு ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கி, அவருடைய பச்சை பெல்ட்டின் உள்பையில் வைத்துத் தைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. நான், மனைவி, அக்கா, மாமா, அமெரிக்காவில் இருக்கும் தம்பி என்று ஐந்து பேர் கைப்பேசியில் பார்க்கிறோம். போன மாதம், "ஐயன் ஏன் அந்த வீட்டு வாசலில் அரைமணி நேரமாக நிற்கிறார்?" என்று தம்பி கேட்டான். அது பெரியப்பா வீடு. வரப்புத் தகராறில் இருபது வருடமாகப் பேச்சு இல்லை. அக்கா நேரே போய், இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டார். எப்படித் தெரிந்தது என்று ஐயன் கேட்க, உண்மை வெளியே வந்துவிட்டது.

"மேயப் போகிற மாட்டுக்குத்தானே, சாமி, கழுத்தில் கட்டை கட்டுவார்கள்" என்றார் என்னிடம். அன்றிலிருந்து பெல்ட்டைத் தொடவில்லை. கருவியை எடுத்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவர் முகத்தைப் பார்த்தால் குற்ற உணர்வு. என்ன செய்ய?

அன்புள்ள சகோதரருக்கு,

பெரியப்பா வீட்டு வாசலுக்கு வந்ததும் உங்கள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருபது வருடக் கோபத்தைத் தாண்டி ஒரு முதியவர் தன் அண்ணன் வாசலில் போய் நின்றிருக்கிறார். கூட்டிப்போனது மறதியோ மனமோ, அது அவருடைய சொந்தக் காரியம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நினைவு மங்கியதும் அந்த உரிமை கழன்று விழுந்துவிடுவதில்லை.

இதனால் கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. திறந்த கிணறுகளும் நெடுஞ்சாலையும் உள்ள ஊரில் உங்கள் பயம் நியாயமானது. தவறு, சொல்லாமல் தைத்ததிலும் ஐந்து பேர் பார்த்ததிலும் இருக்கிறது.

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். காலைவேளையில், அவர் தெளிவாக இருக்கும்போது, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மாலையில் வேண்டாம். பொழுது சாயும்போது இந்த நோயாளிகள் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். வெள்ளகோவிலில் நடந்ததைச் சொல்லி, "இன்னொரு தடவை வழி தவறினால் உங்களை எப்படித் தேடட்டும், ஐயா?" என்று அவரிடமே விடுங்கள். ஒத்துக்கொண்டால் அவர் கையாலேயே கருவியைப் பெல்ட்டில் வைக்கட்டும். மறந்துபோய்த் திரும்பக் கேட்டால் சலிக்காமல் திரும்பச் சொல்லுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். சொல்ல முடியாத காலம் வரும்போது அந்தப் பக்கம்தான் உங்களுக்குத் துணை. வேண்டாம் என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கூடவே நடந்துவர ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

பார்ப்பது நீங்களும் அக்காவும் மட்டும் போதும். வழக்கமாக வீடு திரும்பும் நேரம் தாண்டினால் மட்டும் திறந்து பாருங்கள். போய்வந்த தடங்கள் கைப்பேசியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றை அழித்துவிடுங்கள். தம்பிக்கு ஐயனைப் பற்றித் தெரிய வேண்டுமானால் ஐயனையே போனில் கூப்பிட்டுப் பேசட்டும்.

கருவியை முழுதாக நம்பியும் இருக்காதீர்கள். சார்ஜ் தீர்ந்தாலும், சிக்னல் இல்லாத பள்ளத்தில் இருந்தாலும், பெல்ட்டைத் தொட்டிமேட்டில் கழற்றிவைத்துவிட்டு நடந்தாலும் அது பயன்படாது. எங்கே இருக்கிறார் என்று சொல்லுமே தவிர, கிணற்றில் விழாமல் பிடிக்காது. கிணற்றுக்குக் கம்பிவலை போடுங்கள். டீக்கடைக்காரரிடமும் அந்த வழி பஸ் கண்டக்டர்களிடமும் உங்கள் எண்ணைக் கொடுத்துவையுங்கள். அண்மையில் எடுத்த புகைப்படம் ஒன்று கையில் இருக்கட்டும். காணவில்லை என்றால் பொழுது சாயும்வரை காத்திருக்காமல் உடனே 112ஐ அழையுங்கள். முதலில் கண்ணபுரம் வழியில் தேடுங்கள். இந்த நோயில் பலர் பழைய வேலைக்கும் பழைய வீட்டுக்கும்தான் கிளம்புகிறார்கள். மற்ற சந்தேகங்களுக்கு முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

அக்காவிடமும் பேசுங்கள். தினமும் அருகில் இருந்து பார்ப்பவர் அவர், களைப்பில் கேட்ட கேள்வி அது. ஐயன் மறுபடியும் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றால், வாசல்வரை நீங்கள் கூடப் போங்கள். திரும்பி வரும்போது, உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்காதீர்கள்.