வெடித்த டயரும் வாட்ஸ்அப் செய்தியும்

கேள்வி: ஏற்காடு அருகே சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் ஏறுவதற்காக, என் பிக்கப் வண்டியின் 235/75 ஆர்15 டயர்களைக் கழற்றிவிட்டு, சேலத்தில் ஒரு கடையில் 31 அங்குல எம்.டி. (சேற்றுப் பாதைக்கான) டயர்கள் நான்கை 58,000 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். ஐந்தே மாதத்தில், மலையிறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்பக்க டயர் வெடித்து, வண்டி தடுப்புச் சுவரில் மோதியது. பழுதுபார்க்க 2,10,000 ரூபாய் ஆகுமாம். இன்சூரன்ஸ் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது. கேட்கப் போன இடத்தில் கடைக்காரர் என் மருமகன் எதிரிலேயே என்னை இழிவாகப் பேசினார். மன உளைச்சலையும் சேர்த்துப் பத்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பாதி, கடைக்காரர் பேசிய பேச்சைப் பற்றியது. அதை ஒதுக்கி வையுங்கள். அது வருத்தத்துக்குரியதுதான், ஆனால் வழக்கை ஓர் அங்குலமும் நகர்த்தாது. எந்த நுகர்வோர் ஆணையம், எத்தனை ஆண்டுக்குள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருப்பதால் அதற்குள்ளும் போகவில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த டயரைத் தேர்ந்தெடுத்தது யார்?

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆவது பிரிவின்படி, இன்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சொல்லாமலே சேர்ந்துவிடுகிறது. ஆனால் குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே பிரிவு விலக்கும் வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பியிருக்கும் வாட்ஸ்அப் படத்தில் கம்பெனியின் பெயரையும் 31x10.5 ஆர்15 என்ற அளவையும் நீங்களே எழுதி, 'ஸ்டாக் இருக்கா, கடைசி ரேட் என்ன' என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். 'மலை ரோடு, தோட்டத்தில் சேறு, பின்னால் ஒரு டன் லோடு, எது சரிவரும்' என்று ஒரு வரி கேட்டிருந்தால், தார் ரோட்டில்தான் அதிகம் ஓடும் வண்டிக்கு எம்.டி. எதற்கு, அதே அளவில் ஏ.டி. (எல்லாப் பாதைக்கும் பொதுவான டயர்) போதுமே என்று சொல்லும் கடமை அவருக்கு வந்திருக்கும். இப்போது அவர் தரப்பில் 'நீங்க கேட்டதைத்தானேங்க போட்டுக் கொடுத்தேன்' என்ற ஒரே பதில் போதும்.

மிஞ்சுவது டயரிலேயே உற்பத்திக் குறை இருந்தது என்ற வாதம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் சேற்றில் பிடிப்புக்காகக் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைப்பது வழக்கம் என்றும், அன்று திரும்ப நிரப்பாமலே இறங்கியதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டயரைத் திறந்து உட்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்: பக்கவாட்டில் வளையமாகத் தேய்ந்த தடமும், கையில் ஒட்டும் கருப்பு ரப்பர்த் தூளும் இருந்தால், காற்றுக் குறைவாக ஓடிச் சூடேறி வெடித்தது என்று சோதனைக்கூடம் எழுதித் தரும். தவறாகப் பயன்படுத்திய பொருளுக்கு விற்பவர் மீது பொறுப்புக் கோர முடியாது என்று அதே சட்டத்தின் 87ஆவது பிரிவு சொல்கிறது.

இவற்றையெல்லாம் விட நான் அஞ்சுவது வேறொன்றை. வக்கீலான என்னிடம் தாமதமாக வந்த ஒரு கட்சிக்காரர், டயர் விலையான நாற்பதாயிரத்துக்காகக் கடைக்காரர் மீது புகார் போட்டு, அதில் வண்டிக் கம்பெனி கொடுத்ததை விடப் பெரிய டயர் என்றும், உரசாமல் இருக்க மட்கார்டின் உள்விளிம்பை வெட்டியதாகவும், தன் தரப்பை வலுப்படுத்துவதாக நினைத்து விரிவாக எழுதிவிட்டார். வண்டியை மாற்றியமைத்ததற்கு ஆதாரமாக அந்தப் புகாரின் சான்றிட்ட நகலை வாங்கிக்கொண்டு வந்து நின்றவர் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல். மூன்று லட்சத்துக்கான கோரிக்கை நாற்பதாயிரத்துக்காக எழுதிய நாலாவது பத்தியிலேயே முடிந்துபோனது.

உங்கள் நிலையும் அதுவே. பழைய டயரின் விட்டம் சுமார் 734 மி.மீ.; புதியது சுமார் 787. ஸ்பீடாமீட்டர் 40 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 43இல் ஓடுகிறது என்று, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் தரப்பில் வரும் சர்வேயர் ஒரு வரி எழுதினாலே விவகாரம் தொடங்கிவிடும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் தீர்ப்பளித்திருக்கிறது. டயர் அந்த மாற்றத்துக்குள் அடங்காது என்று வாதிட முடியும், நானே வாதிட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாதத்துக்கான சாட்சியத்தை எதிர்த்தரப்புக்கு உங்கள் கையாலேயே ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? மறைக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்வேயர் கேட்டால் டயர் அளவை உள்ளபடியே சொல்லுங்கள். பொய் சொல்லி அகப்பட்டால் முழுத் தொகையும் போய்விடும். பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் 75 சதவீதம் வரை கொடுத்துத் தீர்க்கலாம் என்று 2010இல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைக் காட்டி நீங்கள் பேரம் பேசலாம். பெரிய பணம் இருப்பது அங்கேதான்.

ஆகவே கடையோடு சமாதானமாகப் போங்கள். உங்கள் வண்டியில் மீதமுள்ள மூன்று டயர்களையும் கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மாறத்தான் போகிறீர்கள். அந்த மூன்றையும் தேய்மானம் போக நியாயமான விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முப்பதாயிரம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். பணம் கொடுக்கும்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார். மூன்று டயரைத் திரும்பப் பெற்றதற்கான ரசீதாக மட்டும் அது இருக்கட்டும். 'காற்றுக் குறைவால் வெடித்தது' என்ற வாசகம் இருந்தால் கையெழுத்திட வேண்டாம், ஏனெனில் அந்தத் தாளும் ஒருநாள் இன்சூரன்ஸ் வக்கீலின் கோப்பில் இருக்கும்.

வெடித்த டயரை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள். 'கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்' என்று எடுத்துப் போனால் பெரும்பாலும் அது திரும்பி வராது. அதன் பக்கத்தில் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்களையும் வரிசை எண்ணையும் படமெடுத்து, மழை படாத கிடங்கில் வையுங்கள். சர்வே அறிக்கையின் நகல் கைக்கு வந்து, கோரிக்கை தீரும் வரை கடைக்கு நோட்டீஸ் எதுவும் போகக் கூடாது; புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கும்போது அவசரம் ஒன்றுமில்லை.