தூக்கிக் கொஞ்ச எது ஏற்றது: கினி பிக்கா, முயலா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மடியில் வைத்துக் கொஞ்ச ஒரு முயல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முயலைவிட கினி பிக்தான் மனிதர்களிடம் நன்றாக ஒட்டும் என்கிறார் நண்பர் ஒருவர். அது உண்மையா? ஒன்று மட்டும் வாங்கினால் போதுமா? இல்லை, ஒரு முயலும் ஒரு கினி பிக்குமாக வாங்கிச் சேர்த்து வளர்க்கலாமா?

பதில்: உங்கள் மகள் மடியில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள். அப்படியென்றால் கினி பிக் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்றல்ல, இரண்டு. முயலுக்குப் பாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் பாசம் நிறையவே உண்டு, தூக்கினால் மட்டும் பிடிக்காது.

முயல் காலங்காலமாக மற்ற விலங்குகளுக்கு இரையாகி வந்த பிராணி. கால் தரையை விட்டு எழும்பியதுமே, ஏதோ பிடித்துவிட்டது என்றுதான் அதன் உடம்பு புரிந்துகொள்ளும். உடனே பின்னங்கால்களால் உதறும். அந்தக் கால்களின் பலத்துக்கு அதன் முதுகெலும்பு ஈடுகொடுக்காது. பிடி சரியில்லாமல் ஒரு முறை பலமாக உதறினாலே முதுகெலும்பு முறிந்து, பின்னங்கால்கள் செயலிழந்துவிடக்கூடும். குழந்தையின் கையிலிருந்து கீழே விழுந்தாலும் அதே ஆபத்துதான். மல்லாக்கப் படுக்க வைத்தால் முயல் அசையாமல் கிடப்பதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். சுகமாகத் தூங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பயத்தில் உறைந்துபோன நிலை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

முயலின் பாசத்தைப் பார்க்க நாம்தான் தரையில் உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தால் மெல்ல வந்து மூக்கால் இடிக்கும், காலைச் சுற்றிச் சுற்றி ஓடும், தாடையை நம் மேல் தேய்த்து விட்டுப் போகும். தலையைத் தரையோடு தாழ்த்தி வைத்தால் நெற்றியைத் தடவிக் கொடு என்று அர்த்தம். தடவும்போது பற்களை மெதுவாக உரசும், அது சந்தோஷம். இப்படிக் காத்திருந்து பழக உங்கள் மகளுக்குப் பொறுமை இருந்தால் முயலும் அருமையான துணை. ஒரு மூலையில் தட்டு வைத்துவிட்டால் அதிலேயே கழிக்கப் பழகிவிடும். அதில் கினி பிக்கைவிட முயல் கெட்டிக்காரன்.

கினி பிக்கும் பயந்த பிராணிதான். மேலிருந்து கை நீண்டால் ஓடி ஒளியும். ஆனால் சரியாகத் தூக்கி மடியில் விட்டுவிட்டால், முயலைப் போல எகிறிக் குதிக்காமல் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். ஒரு கையை மார்புக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மகள் முதலில் தரையில் உட்காரட்டும், நீங்கள் எடுத்து மடியில் விடுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் இதற்கும் கால் எலும்பு உடையும்.

இதன் பெரிய அழகே குரல்தான். சில வாரங்கள் பழகிய பிறகு, ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் ஓசையோ கீரைப்பையின் சலசலப்போ கேட்டால் போதும், 'வீக், வீக்' என்று விசிலடித்துக் கூப்பிடும். இந்தக் குரல் பெரும்பாலும் மனிதர்களை நோக்கித்தான் வரும். தாழ்ந்த, சீரான உறுமல் வந்தால் நிம்மதியாக இருக்கிறது. அதே உறுமல் கொஞ்சம் உச்சத்தில், விட்டு விட்டு வந்து உடம்பும் விறைத்தால் பயந்திருக்கிறது. பல்லை நறநறவென்று அடித்தால் கோபம், கையை எடுத்துவிடுங்கள். குட்டிகள் குஷி வந்தால் நின்ற இடத்திலேயே துள்ளும்.

மடியில் அசையாமல் இருக்கும் கினி பிக் எல்லாம் சுகமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. கண்ணை அகல விரித்தபடி கல்லாகச் சமைந்திருந்தால் அது பயம். கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு கொத்தமல்லித் தண்டை நீட்டுவது. வாங்கிக் கடித்தால் சரி, தொடரலாம். சீந்தாவிட்டால் கூண்டில் விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். கொஞ்ச நேரம் கழித்து நெளிந்து துணியைக் கடிக்க ஆரம்பித்தால், பெரும்பாலும் சிறுநீர் வருகிறது என்று அர்த்தம். 10, 15 நிமிட மடிவாசம் போதும்.

ஏன் இரண்டு என்றால், கினி பிக் கூட்டமாக வாழும் இனம். தனியாக வைத்தால் சோர்ந்துபோகும். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் ஒற்றையாக வளர்ப்பதற்குச் சட்டமே தடை விதித்திருக்கிறது. ஜோடி இருந்தால் நம்மிடம் ஒட்டாது என்ற பயம் வேண்டாம். பக்கத்தில் துணை இருப்பது தைரியம் தரும், சீக்கிரம் வெளியே வரும். இரண்டும் பெண்ணாக இருப்பது எளிது. விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், ஆணா பெண்ணா என்று கால்நடை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆண் குட்டி 3 வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடலாம். பெண், 7 மாதத்துக்கு மேல் முதல் முறையாகச் சினைப்பட்டால் இடுப்பெலும்பு விரிந்துகொடுக்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முயலும் கினி பிக்கும் ஒரே கூண்டில் வேண்டவே வேண்டாம். முயலின் ஓர் உதை கினி பிக்கின் உயிரைப் பறிக்கலாம். முயலின் மூச்சுப்பாதையில் தொந்தரவில்லாமல் தங்கியிருக்கும் போர்டடெல்லா என்ற பாக்டீரியா, கினி பிக்குக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். சாப்பாடும் வேறு.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது வைட்டமின் சி. நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பும் அதைத் தானாக உற்பத்தி செய்யாது, முயலின் உடம்பு செய்துகொள்ளும். உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கி, நடக்கவே தயங்கும், ரோமம் கரடுமுரடாகும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுங்கள். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சீக்கிரம் வீரியம் போய்விடும், ருசி மாறினால் தண்ணீரையே குடிக்காது. முயலுக்கென்று விற்கும் பெல்லட் என்ற உருண்டைத் தீவனம் இதற்கு உதவாது.

மற்றபடி இரண்டுக்கும் முக்கிய உணவு காய்ந்த புல்தான், எந்நேரமும் கிடைக்க வேண்டும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை மென்றால்தான் தேயும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியே போனால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, பிராணியே இறந்துவிடலாம். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் போனாலும் இரண்டுக்கும் ஆபத்து.

கினி பிக் 5 முதல் 8 ஆண்டு வாழும், முயல் 8 முதல் 12. அதாவது இப்போது வாங்கும் முயல், உங்கள் மகள் கல்லூரிக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். எதை வாங்கினாலும் பராமரிப்பு பெரியவர்களின் பொறுப்பு. மகளுக்கென்று ஒரு வேலை கொடுக்க வேண்டுமானால், வாரம் ஒரு முறை சமையல் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இந்தப் பிராணிகள் நோயை மறைப்பதில் கில்லாடிகள், எடை குறைவதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வளர்ந்த கினி பிக் பெரும்பாலும் 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். ஒரே வாரத்தில் 50 கிராமுக்கு மேல் இறங்கினால், அது துறுதுறுவென்று ஓடிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.