காயில் கட்டினால் எத்தனை வருடம் ஓடும்?

கேள்வி: வீட்டில் 14 வருடப் பழைய 2.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. எட்டு மாதம் சும்மா கிடந்தது. போன வாரம் புதுப் பெட்ரோல் ஊற்றிக் கயிறு இழுத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே இன்ஜின் ஓடியது. கரண்ட் மட்டும் வரவில்லை. காயில் கட்ட (உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்ற) வேண்டும், அப்படியே ரீபோரும் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செய்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். மொத்தமாக, புது மெஷின் விலையில் 45 சதவீதம் ஆகுமாம். போன வருடம்தான் கார்புரேட்டருக்குச் செலவழித்தேன், அது வீணாகிவிடுமே என்றும் இருக்கிறது. அவசரத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். முதலில் அந்த 45 சதவீதத்தையே இரண்டாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இன்ஜினுக்கு எவ்வளவு, கரண்ட் பக்கத்துக்கு எவ்வளவு?

இரண்டாவது இழுப்பில் ஓடும் இன்ஜினுக்கு ரீபோர் எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை. நீலப் புகை வருகிறதா, ஆயில் அளவு சீக்கிரம் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடலாம். 'அப்படியே' என்று சேர்த்துச் சொல்லப்படும் வேலையில்தான் பில் பெருகும்.

அடுத்து காயில். மாதக்கணக்கில் ஓடாத ஜெனரேட்டரில், ரோட்டரில் (உள்ளே சுழலும் பாகம்) தங்கியிருக்க வேண்டிய கொஞ்சம் காந்த சக்தி போய்விடுவது உண்டு. அது இல்லாமல் மின் உற்பத்தி தொடங்கவே தொடங்காது. தெரிந்தவர் 12 வோல்ட் பேட்டரி கொண்டு சில நிமிடங்களில் அதைத் திரும்பக் கொடுத்துவிடுவார். (நீங்களே செய்து பார்க்க வேண்டாம்.) அது காரணம் இல்லையென்றால் தேய்ந்த கார்பன் பிரஷ், கெப்பாசிட்டர், ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) இவற்றில் உங்கள் மாடலில் எது உண்டோ அது. எல்லாமே காயில் கட்டுவதைவிடச் சின்னச் செலவு. “மெகர் வைத்து, ஓம்ஸ் அளந்து பார்த்தீர்களா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். (மெகர் என்பது காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி, ஓம்ஸ் என்பது மின்தடையின் அளவு.) அளக்காமல் காயில் போச்சு என்று சொன்னால் இன்னொருவரிடம் காட்டுவதுதான் நல்லது.

சரி, காயில் உண்மையிலேயே எரிந்திருக்கிறது, 45 சதவீதமும் ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். புது மெஷின் விலையை 100 என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 10. பழையதில் 45 போட்டு இரண்டு வருடம்தான் ஓடினால் வருடத்துக்கு 22.50. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் பழையது இன்னும் நாலரை வருடம் ஓட வேண்டும். 14 வயது மெஷினுக்கு அந்த உத்தரவாதத்தை எந்த மெக்கானிக்கும் தரமாட்டார். பழுது 20-க்குள் முடிந்தால் இரண்டு வருடம் ஓடினாலே கணக்கு சரியாகிவிடும். அதனால் என் கோடு 20. அதைத் தாண்டினால் கைவிட்டுவிடுங்கள்.

போன வருடக் கார்புரேட்டர் செலவு இந்தக் கணக்கில் வராது. பழுது பார்த்தாலும் விற்றாலும் அந்தப் பணம் போனது போனதுதான்.

கைவிட்டால் உடனே அதே அளவில் புதியது வாங்க வேண்டுமா? வருடத்துக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் போகிறது, அப்போது எதெல்லாம் ஓட வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். விளக்கும் ஃபேனும் சேர்த்து 300 வாட்ஸ் என்றால், 150 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரியும் இன்வெர்ட்டரும் சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். அந்த பேட்டரியை மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், அதையும் செலவில் சேருங்கள். ஜெனரேட்டரிலோ, சின்ன பெட்ரோல் மெஷின் லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் தந்தாலே அதிகம். தண்ணீர் மோட்டார் ஓடியே ஆக வேண்டும், அல்லது பல மணி நேரம் கரண்ட் வராது என்றால் மட்டும் ஜெனரேட்டர் பக்கம் போங்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதையும் பார்த்து அளவைத் தேர்ந்தெடுங்கள்.

பழையதோ புதியதோ, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு விடும் சுவிட்ச்) இல்லையென்றால் அதற்கும் பணம் ஒதுக்குங்கள். அது இல்லாமல் வீட்டு வயரிங்கில் இணைத்தால், ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனுக்கும் போய், வெளியே லைனில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து. மெஷினை வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

புதியது வாங்குவதாக முடிவெடுத்தால் மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாகச் சேர்த்து வாங்குங்கள். பழையதை எடைக்குப் போடும்முன் காயில் செம்பா, அலுமினியமா என்று பார்த்துவிடுங்கள். செம்பு என்றால் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கலாம்.