1, 2, 4, 8 என்றாளே, அது தப்பா?

கேள்வி: எனக்கு வயது 41. வங்கியில் வேலை. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. பிள்ளைகளைச் செல்போனிலிருந்து மீட்பதற்காக, ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் குடும்பமாகக் கணக்குப் புதிர் போடுவது என்று வைத்தேன். நான்கு வாரம் ஒழுங்காக நடந்தது. இப்போது 'தூக்கம் வருது' என்று நழுவுகிறார்கள். இத்தனைக்கும் நான் முந்தின நாளே விடைகளைப் பார்த்துத் தயாராகத்தான் உட்காருகிறேன். போன வாரம், '1 முதல் 40 கிலோ வரை எந்த முழு எடையையும் தராசில் நிறுக்க நான்கே எடைக்கல் போதும், அவை எவை?' என்று கேட்டேன். மகள் 1, 2, 4, 8 என்றாள். தவறு, 1, 3, 9, 27 என்று சொல்லி விளக்கினேன். மனைவி அந்த நேரம் அடுப்படியில் இருப்பதால் அவளும் உதவ முடிவதில்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் வர என்ன புத்தகம் வாங்கலாம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. இருக்கிற புத்தகத்தில் விடை போட்டிருக்கும் கடைசிப் பக்கங்களைக் கிழித்துப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

பிள்ளைகள் நழுவுகிறார்கள் என்று எனக்கு எத்தனையோ கடிதம் வருகிறது. எல்லாரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, தங்களைப் பற்றி ஒரு வரியைப் போகிற போக்கில் விட்டுவிட்டுப் போவார்கள். உங்கள் கடிதத்தில் அந்த வரி, மகள் சொன்ன பதில்.

1, 2, 4, 8 எப்படித் தப்பாகும்? 3 கிலோவுக்கு 1-ம் 2-ம். 5-க்கு 4-ம் 1-ம். 7-க்கு 4, 2, 1. இப்படி 15 வரை ஓர் எடைகூட விட்டுப்போகாது. கல்லை ஒரு தட்டில் மட்டும்தான் வைக்கலாம் என்றால், நான்கு கல்லால் 15-ஐத் தாண்ட யாராலும் முடியாது. பதினோரு வயதுப் பெண் அந்த எல்லை வரைக்கும் போய் நின்றிருக்கிறாள். நீங்கள் தவறு என்று சொல்லிவிட்டீர்கள். ஏன்? உங்கள் தாளில் வேறு எண் இருந்தது, அவ்வளவுதான். வவுச்சரில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கவுண்டரில் திருப்பி அனுப்புவது மாதிரி.

விடை தெரியாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 'அட, 15 வரைக்கும் வருதே, அப்புறம்?' என்றிருப்பீர்கள். அவள் 16, 32 என்று சேர்த்திருப்பாள். கல் ஆறாகிவிடும், நமக்கு நாலுதான். எல்லாரும் முழித்திருப்பீர்கள். பத்து நிமிடம் கழித்து அந்தச் சின்னவன், 'கல்லை அரிசி இருக்கிற தட்டுலயும் வைக்கலாமா?' என்று கேட்டிருக்கக்கூடும். அங்கேதான் கதவு திறக்கிறது. 2 கிலோ வேண்டுமா, ஒரு தட்டில் 3, அரிசியோடு 1. 5 வேண்டுமா, ஒரு தட்டில் 9, அரிசியோடு 3-ம் 1-ம். முதலில் ஒரு கல்லுக்கு இருந்தது இரண்டே இடம், தட்டு அல்லது தரை. இப்போது இந்தத் தட்டு, அந்தத் தட்டு, தரை என்று மூன்று. அதனால்தான் இரண்டிரண்டு மடங்காக ஏறிய கல் மும்மூன்று மடங்காக ஏறி 27-ல் வந்து நிற்கிறது. நாலையும் கூட்டினால் சரியாக 40. பிரான்சில் பாஷே என்பவர் 1612-ல் அச்சிட்ட புதிர் நூலிலேயே இருக்கிற கணக்கு இது. நானூறு வருடமாக ஆட்களை முழிக்க வைத்ததை நீங்கள் ஒரு நிமிடத்தில் 'விளக்கி' முடித்துவிட்டீர்கள். பலகாரத்தை நீங்கள் தின்றுவிட்டு ருசியைப் பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறீர்கள்.

'தயாராகத்தான் உட்காருகிறேன்' என்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் பயம். பிள்ளைகள் முன் முழித்துவிடக் கூடாதே என்ற பயம். பள்ளியில் நாள் முழுக்க விடை தெரிந்தவர்களுக்கு நடுவில்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டிலும் ஒருவர் விடையை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? ஃபீஸ் கட்டுவது, சைக்கிள் வாங்கித் தருவது எல்லாம் கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் தெரியாத ஒன்றின் முன்னால் எரிச்சல்படாமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்பதை அப்பா அம்மா செய்து காட்டாவிட்டால், பிள்ளைகள் அதை வேறு எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

என் அப்பாவுக்குப் புலி, ஆடு, புல்லுக்கட்டு கணக்குக்கு இரண்டு நாள் ஆயிற்று. படகில் ஒன்றைத்தான் ஏற்ற முடியும், தனியாக விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும், அதேதான். திண்ணையில் புளியங்கொட்டை, பாக்கு, வெற்றிலைக் காம்பு மூன்றையும் வைத்துக்கொண்டு நகர்த்துவார், கலைப்பார். நானும் அண்ணனும் பக்கத்திலேயே கிடப்போம். கடைசியில் அம்மா அடுப்படியிலிருந்தே, 'ஆட்டைத் திரும்பக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு யாரு சொன்னா?' என்றாள். அப்பா முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

அம்மா என்றதும் நினைவுக்கு வருகிறது. 'குடும்பமாக' என்று எழுதிவிட்டு மனைவியை அடுப்படியில் விட்டிருக்கிறீர்களே, அது என்ன குடும்பம்? அவர் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தில்தான் உங்கள் புதிர் நேரம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தை நீங்களும் மகனும் தேய்த்து முடியுங்கள், அப்புறம் நாலு பேரும் உட்காருங்கள்.

எதை வைத்து ஆரம்பிப்பது என்றால், உங்களால் முன்கூட்டிப் பார்த்து வைக்கவே முடியாத ஒன்றைச் சொல்கிறேன். காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியிருக்கும் சின்ன முள்ளை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். 50 முள் என்றால் 60 சுளை. சரியாக வருகிறதா என்பதற்கு எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் விடை கிடையாது, பழத்தை வெட்டித்தான் பார்க்க வேண்டும். எந்த முள் வரைக்கும் 'காம்பருகு' என்று சண்டை வரும், வரட்டும். கணக்குச் சரியாக வராவிட்டால், ஏன் வரவில்லை என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு.

முழுப் பழமாக வாங்குங்கள். நாலு பேரும் ஆளுக்கு ஓர் எண்ணைக் காலண்டர் தாளில் எழுதி வைத்துவிட்டு அரிவாள்மணையை எடுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொள்ள மறக்காதீர்கள், பால் பிசுபிசுவென்று ஒட்டும். முதல் வேலையாக, முள்ளை எண்ணுவதற்கு முன்னால், மகளைக் கூப்பிட்டு '15 வரைக்கும் நீ சொன்னது சரிதான்மா' என்று சொல்லிவிடுங்கள்.