ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு வரும் பேதி: வாசகர் கேள்விகள்

பல் வலிக்குக் கிளிண்டாமைசின் சாப்பிட்டேன். ஐந்தாம் நாளிலிருந்து ஆறேழு தடவை தண்ணீராகப் போகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா, கிருமியா?

லேசான பேதி என்றால் பெரும்பாலும் மருந்தின் வேலைதான், நிறுத்தியதும் அடங்கிவிடும். ஆனால் 24 மணி நேரத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ நீராகப் போய், அடிவயிறு பிசைந்து, காய்ச்சலும் காய்ந்தால் 'கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்ற பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு இன்றே டாக்டரைப் பார்ப்பது அவசியம். பரிசோதனைக்கு நீர்த்த மலத்தைத்தான் கொடுக்க வேண்டும். மருந்தை முடித்துச் சில வாரங்கள் கழித்தும் இந்தப் பேதி தொடங்கலாம்.

அந்தப் பாக்டீரியா குடலை எப்படிக் கெடுக்கிறது?

அது குடல் சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. பெருங்குடலில் இருந்தபடியே ஏ, பி என்று இரண்டு நஞ்சுகளைச் சுரக்கிறது. நஞ்சு செல்லுக்குள் நுழைந்து, 'ரோ' வகைப் புரதங்களின் மேல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை ஒட்டிவிடுகிறது. செய்வது அவ்வளவுதான், விளைவோ பெரிது. செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளை இழுத்துக் கட்டி வைப்பது ரோ. அது செயலிழந்ததும் கூடாரக் கயிறு அறுந்தது போலச் செல் சுருண்டு உருண்டையாகிறது. பக்கத்துச் செல்லோடு இருந்த இறுக்கமான பிணைப்பு விட்டுப்போய், அந்த இடைவெளியில் நீர் கசிகிறது.

அடிபட்ட செல்கள் விடும் வேதிச் சமிக்ஞைகளைத் தேடி நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் திரண்டு வருகின்றன. அவை கொட்டும் நொதிகள் நல்ல திசுவையும் அரிக்கும். அழற்சி முற்றுவது இப்படித்தான். கொலனோஸ்கோப்பியில் (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) சிலருக்கு மஞ்சள் நிறத் திட்டுகள் தெரியும். செத்த செல், ரத்தம் உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரதம், வெள்ளை அணு எல்லாம் சேர்ந்த படலம் அது.

வழக்கமாகக் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பித்த அமிலங்களை மாற்றி, இந்தக் கிருமியைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்கும். ஆன்டிபயாட்டிக் அவற்றையும் சேர்த்து அழித்துவிடுவதுதான் சிக்கலின் தொடக்கம். தேவையில்லாமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

பேதியை நிறுத்த லோபரமைடு போடலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். குடலின் அசைவு குறைந்தால் நஞ்சு உள்ளேயே தங்கும். பெருங்குடல் ஊதிப்போகும் ஆபத்தும் உண்டு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் குறித்த அளவு தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஒவ்வொரு தடவை போனதும் குடியுங்கள். வயிறு உப்பினாலோ மலத்தில் ரத்தம் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்பாவுக்கு இந்தக் கிருமிக்காக வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாய்வழியாகக் கொடுக்கிறார்கள். ஊசி போட்டால் சீக்கிரம் கேட்காதா?

கேட்காது. ஊசியில் போகும் வான்கோமைசின் பெருங்குடலின் உள்பக்கத்துக்குப் போதிய அளவு வந்து சேராது. வாய்வழி மருந்து ரத்தத்தில் அதிகம் ஏறாமல் நேரே அங்கே போகும். வழக்கமான அளவு 125 மி.கி., நாளைக்கு நான்கு வேளை, 10 நாள். மருந்துக்குச் சாகாத வித்துகள் (கிருமியின் கெட்டியான உறைபோட்ட உறக்க வடிவம்) தங்கிவிடுவதால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. பேதி நின்றபின் மறுபடி டெஸ்ட் வேண்டாம். குணமானவர்களுக்கும் சில வாரம் பாசிட்டிவ் காட்டும்.

கைக்குச் சானிட்டைசர் போதுமா?

போதாது. ஆல்கஹால் இந்த வித்துகளைக் கொல்லாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி அகற்ற வேண்டும். கழிப்பறைக்கு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்று கலந்தது. ஆசிட்டோடு மட்டும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

எட்டு மாதக் குழந்தையின் ரிப்போர்ட்டில் இதே கிருமி என்று வந்திருக்கிறது.

பயப்படாதீர்கள். 1935-ல் இது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்துதான். ஒரு வயதுக்குள் நோய் எதுவும் தராமலே இந்தக் கிருமி குடலில் இருப்பது சகஜம். குழந்தைக்குப் பேதி இருந்தால் வேறு காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்.